உங்கள் பேச்சு தெளிவாக இருக்கிறது

“எப்பா, நீ ஏன் இப்பல்லாம் என்னைய ஏசவே மாட்டுக்க? என்மேல பிரியம் இல்லியா?”

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. முதலில் அப்பாவிடம்தான் கேட்டாள். அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாரே தவிர பதில் சொல்லவில்லை. அதனால் அவருடைய கைப்பேசியை எடுத்து, அவர் பேச உதவும் செயலியில் ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்றிருந்த பொத்தானை அழுத்தி, அதனிடமும் கேட்டுவிட்டாள். அப்படித்தான் திசையன்விளையில் பிறந்த கேள்வி, சென்னை தரமணியில், ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், முதலீட்டாளர்கள் கூடியிருந்த அறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒலித்தது.

ஒலி நின்றதும் ஹெப்சிபா மடிக்கணினியை மூடினாள். ‘மறுகுரல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியவள் அவள்தான்.

“இந்தப் பொண்ணு பேரு மெர்சி. அப்பா பாக்கியநாதன், மினிபஸ் கண்டக்டரா இருந்தவர். மூணு வருஷத்துக்கு முன்னாடி வாதம் வந்து நாக்கு குழறிப்போச்சு. நம்ம பட்டையைக் கழுத்துல கட்டினப்புறம்தான் அவர் பேசுறது வீட்டுல இருக்கறவங்களுக்கே புரிஞ்சது. இப்ப முப்பத்துமூணு நாளா அவருக்கு ஒரு நாளைக்கு இருநூறு சொல்தான். மகளை ஏசுறதுக்கு அதுல மிச்சமில்ல.”

எதிரே இருந்த யாமினி பெருமூச்சு விட்டாள். பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். மறுகுரலில் போட்டிருந்த பணத்தில் பாதி அவளுடைய நிதி நிறுவனத்தினுடையது. இருநூறு என்ற எண்ணைப் போட்டதும் அவள்தான்.

“ஹெப்சி, நான் கல் நெஞ்சுக்காரி இல்ல. ஆனா ஒரு குழந்தையோட குரலைப் போட்டு என்னை முடிவெடுக்க வைக்காதீங்க. நாம ஏன் இந்தச் சோதனையை ஆரம்பிச்சோம்? மூணு லட்சம் பேர் இலவசமா பேசுறாங்க. அவங்க தொண்டையில வர்ற ஒவ்வொரு குழறலையும் நம்ம கம்ப்யூட்டர்கள் வாங்கி, என்ன சொல்ல வர்றாங்கன்னு கண்டுபிடிச்சு, அரை வினாடியில தெளிவான குரலாத் திருப்பிக் கொடுக்குது. ஒவ்வொரு சொல்லுக்கும் மின்சாரம் எரியுது. கையில இருக்கறது அஞ்சு மாசத்துக்குத்தான் வரும். அதுக்கப்புறம் இருநூறு இல்ல, ஒரு சொல்லும் இல்ல. அது உங்களுக்குச் சம்மதமா?”

யாமினி சொன்னதில் பொய்யே இல்லை என்பதுதான் ஹெப்சிபாவுக்கு வேதனை.

ஏற்பாடு இதுதான். திருநெல்வேலி மாவட்டத்தில் ஆறாயிரத்து நூற்றிருபது பேர் மறுகுரலைப் பயன்படுத்தினார்கள். நாற்பது நாட்களுக்கு அவர்களுக்கு மட்டும் தினம் இருநூறு சொல் இலவசம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதம் முன்னூறு ரூபாய் சந்தா. நூற்றுக்கு ஐந்து பேராவது சந்தாதாரர்களாக மாறினால் இலவசச் சேவை நாடு முழுவதும் தொடரும். மாறாவிட்டால் எல்லாருக்கும் நிறுத்தப்படும். கட்டுகிறவர்கள் மட்டும் பேசலாம்.

“இன்னைக்குக் கணக்கு என்ன ஆத்தா?” என்று கேட்டார் நாச்சியப்பன். காரைக்குடிக்காரர், இன்னொரு முதலீட்டாளர். சொந்தக்காரர்கள் பலருடைய சேமிப்பைத் திரட்டிப் போட்டிருந்ததால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வருவார்.

“எழுபத்தொன்னு.”

“வேணும்கறது?”

“முன்னூத்தி ஆறு.”

“இன்னும் ஏழு நாள். ம்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் அந்தப் புள்ளை கேட்டது என்னமோ பண்ணுது. ஆனா நான் கல்யாணத்துக்கு வந்தவன் இல்ல, பந்திக்குக் காசு கொடுத்தவன். சாப்பிட்டுட்டு எல்லாரும் வாயத் தொடைச்சிக்கிட்டுப் போயிட்டா, என் வீட்டு ஆட்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

“அவங்ககிட்ட இல்லைங்கய்யா. இருந்தா கொடுப்பாங்க.”

“இல்லாதவங்கள நம்பி எந்தக் கடை ஓடும்?” என்றாள் யாமினி. கேட்டுக்கொண்டே அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தவள், விரலை ஒரு வரியில் வைத்து நிறுத்தினாள். “இது என்ன? ‘தகுதியின்மையால் திருப்பப்பட்டவர்கள் நாலாயிரத்து இருநூத்திப் பன்னிரண்டு’?”

“அது ஒன்னுமில்ல. சந்தா கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேசிக் காட்டணும். பேச்சு குழறலா இருந்தாத்தான் அடுத்த பக்கம் வரும். நல்லாப் பேசுறவங்க வந்தா, ‘உங்கள் பேச்சு தெளிவாக இருக்கிறது. இந்தச் சேவை உங்களுக்குத் தேவையில்லை’ன்னு சொல்லித் திருப்பிடும். தொடக்கத்துல சில கால்சென்டர்க்காரங்க உள்ள புகுந்து ஆட்களோட உச்சரிப்பைத் திருத்திக்கப் பாத்தாங்க. அதைத் தடுக்க நான்தான் எழுதினேன்.”

“அந்த ஒரு மாவட்டத்துல நாலாயிரம் கால்சென்டர்க்காரங்களா?”

“விளையாட்டுக்குப் பண்ணியிருப்பாங்க. இல்ல, போட்டிக் கம்பெனி வேவு பாக்குது.”

யாமினி அவளை உற்றுப் பார்த்தாள். “ஹெப்சி, கடைக்கு எழுபத்தொரு பேர் வந்து வாங்கியிருக்காங்க. நாலாயிரம் பேர் வந்து வாசல்லயே திரும்பிப் போயிருக்காங்க. அவங்க யாருன்னு கடைக்காரிக்குத் தெரியல. இப்படி ஒரு கடையை நான் பாத்ததே இல்ல. வாங்க, போய்ப் பாப்போம்.”

இளகிய மனம் கண்டுபிடிக்காததைச் சில நேரம் கறாரான கண் கண்டுபிடித்துவிடுகிறது. அதுவும் கடவுள் கொடுத்ததுதான்.

வெள்ளிக்கிழமை பகலில் இருவரும் திசையன்விளைக்கு வந்தார்கள். முதலில் போனது பாக்கியநாதன் வீட்டுக்கு. நாற்பத்து நான்கு வயது. இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். கழுத்தில் விரல் அகலத்துக்குக் கருநிறப் பட்டை. அதில் ஒரு சிறு விளக்கு பச்சையாக எரிந்தது.

“வாங்க. இருங்க. காப்பி?” என்றார். பட்டையிலிருந்து வந்த குரல் கணீரென்று இருந்தது. ‘குடிக்கிறீர்களா’ என்ற சொல்லை மிச்சம் பிடித்து, அதைப் புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

அவர் மனைவி ரூபி பாயை விரித்தாள். “தப்பா நெனைக்காதிய. முந்தியெல்லாம் இவ்வொ வாய மூடினாத்தான் வீட்டுல அதிசயம். பஸ்ஸுல டிக்கெட்டு குடுத்துக்கிட்டே ஒலகத்துக் கதையெல்லாம் பேசுவாவ. இப்ப தந்தி அடிக்கிற மாரி பேசுதாவ. காலைல வீட்டுக்கு இவ்வளவு, கடைகண்ணிக்கு இவ்வளவுன்னு பிரிச்சு வச்சிருக்காவ. சாயங்கால ஜெபத்துக்கு இருவது. ஆண்டவருக்குக் குழறிப் பேசினாலும் வெளங்கும்னு நான் சொன்னா கேக்க மாட்டாவ. அவருகிட்டயாவது சுத்தமாப் பேசணுமாம்.”

“சந்தா கட்டியிருக்கலாமே?” என்று யாமினி கேட்டாள்.

பாக்கியநாதன் சிரித்துக்கொண்டே விரல்களை மடக்கி வீட்டுச் செலவை எண்ணினார். “பாலு. ஸ்கூல்வேன். மருந்து.”

“நான் எங்கயாச்சும் பெரட்டிக் கட்டுதேன்னு சொன்னேன்,” என்றாள் ரூபி. “வேண்டாம்னாவ. அன்னைக்கு அதுதான் கடைசி வார்த்தை. அதுக்கு மேல சண்டைக்கும் ஆள் இல்ல.”

“உங்களுக்காக வேற யாராவது கட்டுறேன்னு சொன்னாங்களா?” என்றாள் யாமினி.

பாக்கியநாதன் இல்லையென்று தலையசைத்தார். அதில் குறையொன்றும் தெரியவில்லை. அவரவர்க்கு அவரவர் பாடு என்று கையை விரித்துக் காட்டினார். யாரும் கேட்கவில்லை என்றே அவர் நம்பியிருந்தார்.

திருப்பப்பட்டவர்கள் பலர் பேருந்து நிலையத்திலிருந்து பேசியிருந்ததாகப் பதிவு காட்டியது; அங்கே வழிகாட்ட அவரும் கூடவே வந்தார். அங்கே மரத்தடியில் மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் இசக்கிப்பாண்டி, பதினோரு வருடம் பாக்கியநாதனோடு ஒரே வண்டியில் ஓடியவர். மறுகுரல் நிறுவனத்தார் என்று கேட்டதும் கண்ணாடி டம்ளரை நங்கென்று வைத்தார்.

“நீங்கதானா? நல்லா வந்திய! ஏ பாக்கியம், நீ பின்னால போயி அந்தப் பெஞ்சுல உக்காரு. இது வேற விசயம்.” அவர் நகரும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒங்க மிஷினுக்கு அறிவு இருக்கா? நான் தெளிவாப் பேசுதேனாம்! எம் பொண்டாட்டிக்கு இருவது வருசமா நான் பேசுறது ஒன்னு வெளங்கல. இது ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டு!”

ஹெப்சிபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்க எதுக்குண்ணே அதுல பேசினீங்க?”

“எதுக்கா? அவனுக்குக் கட்டத்தான். கையில காசா குடுத்தா அவன் வாங்க மாட்டான், ரோசக்காரன். சத்தம் காட்டாம ஒங்க கம்பெனியில கட்டிட்டா, ஏதோ மிஷினு தப்பாக் கூட்டிட்டுன்னு நெனச்சிக்கிட்டுப் பேசிட்டு இருப்பான்னு பாத்தேன். மொதல்ல பேசிக்காட்டுன்னுது. பேசினேன். தேவையில்லன்னுட்டு. சரின்னு வெத்தலய வாய் நெறைய அடக்கிக்கிட்டுப் பேசினேன். அப்பவும் தெளிவா இருக்காம்!”

டீக்கடைச் சொர்ணம் வடைச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள். “ஏ பாண்டி, நீயுமா?”

“என்ன நீயுமா? அப்ப நீயி?”

“நான் நாக்கக் கையால புடிச்சிக்கிட்டுப் பேசினேம்ல. நாலு நாளு பேசினேன். அஞ்சாம் நாளு எம் மவன் பாத்துட்டு, ‘எம்மா, ஒனக்கும் வாதமா’ன்னு அழ ஆரம்பிச்சிட்டான்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ சொன்னியா? சொன்னா ஒன் வாயில நிக்குமா? அவரு காதுக்குப் போயிட்டா, கழுத்துல கெடக்கத அத்து எறிஞ்சிருவாரு.”

அதற்குள் பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அவரும் ஒரு வாரம் முயன்றாராம். பேருந்துக்குக் காத்திருந்த பள்ளித் தலைமையாசிரியை, சட்டென்று முகம் சிவந்து, தன்னிடம் படிக்கும் காது மந்தமான பையனின், பேச்சு குழறும் தாய்க்காகப் பதினாறு முறை பேசிப் பார்த்ததைச் சொன்னார். “தமிழாசிரியையா இருந்துக்கிட்டு, குழறிப் பேசப் பாத்தேன். ஒரு தடவகூட என்னால முடியல,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருவரை ஒருவர் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். ஒளித்துச் செய்த நல்லது வெளியே தெரிந்துவிட்டால் மனிதர்கள் திருடர்களைப்போல விழிப்பதுண்டு.

ஹெப்சிபா சுவரில் சாய்ந்துகொண்டாள். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனை பேரும் கையில் பணத்தோடு வந்து, அவள் எழுதிய ஒரு வரியால் வாசலிலேயே திருப்பப்பட்டவர்கள். ஒவ்வொருவரும் ஒளித்தே செய்ததால், தன்னைப்போல் இன்னொருவரும் திருப்பப்பட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை.

“சந்தா கட்டுறவங்கன்னா அது பேச முடியாதவங்களாத்தான் இருக்கணும்னு நெனச்சிட்டேன்,” என்றாள் யாமினியிடம். “வேற ஒருத்தர் வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. என்னோட தப்பு.”

“சோதனையை வகுத்தப்ப எனக்கும் தோணல,” என்றாள் யாமினி. “தப்புல பாதி எனக்கு. இப்பவே மாத்த முடியுமா?”

சொர்ணம் பெஞ்சிலிருந்த வடைத்தட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள். ஹெப்சிபா மடிக்கணினியைத் திறந்து வேலையில் மூழ்கினாள். அவளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. யாமினி பெங்களூருக்குத் தொலைபேசியில் பேச வேண்டியிருந்ததால் கூட்டத்தை விட்டு விலகி, நிலையத்தின் பின்பக்கம் நடந்தாள்.

அங்கே குப்பை எரிந்துகொண்டிருந்தது. காற்று திரும்பி அந்தப் புகை முழுவதும் அவள் முகத்தில் அடித்தது. சிறு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. நெஞ்சு இறுகியது. உறிஞ்சும் மருந்து, அவர்கள் வந்த காரில் இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றும் வரவில்லை, குரலும் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சற்றுத் தள்ளி பெஞ்சில் இருந்த பாக்கியநாதன் பார்த்துவிட்டார். இழுத்து நடக்கும் காலை வைத்துக்கொண்டு அவரால் ஓட முடியாது. எதிர்ப்பக்கம் அந்தக் காருக்குள் அதன் டிரைவர் இருக்கையைச் சாய்த்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டையில் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மிச்சமிருந்தது இருபது சொல். மாலை ஜெபத்துக்கு ஒதுக்கி வைத்தது.

“டிரைவர்! எந்திரி! அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுது. காருல பை இருக்கும். மருந்து இருக்கும். ஓடிப்போய் எடு.” அதற்குள் அவள் அருகே வந்து முதுகைத் தாங்கிக்கொண்டார். “யம்மா, நிமிந்து உக்காருங்க. பயப்படாதிய. மெதுவா. இதோ வந்துட்டு. மெதுவா.”

விளக்கு சிவந்தது. அதற்குப் பின்னும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். வந்தது வெறும் குழறல். ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்பது யாமினிக்கு ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது.

மருந்து வந்தது. மூச்சு திரும்ப ஐந்து நிமிடம் ஆயிற்று. பேச முடிந்ததும் அவள் முதலில் பார்த்தது அந்தச் சிவப்பு விளக்கை.

“ஜெபத்துக்கு வச்சிருந்ததா?”

பாக்கியநாதன் தோளைக் குலுக்கினார். வானத்தைக் காட்டி, பிறகு அவளைக் காட்டி, அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதுபோல் கையை அசைத்துச் சிரித்தார். அப்போது பள்ளி வேனிலிருந்து மெர்சி குதித்து ஓடிவந்தாள். ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள். அப்பா அவளைத் தூக்கி நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று யாமினிக்குத் தெரியும். அந்த எண் அவள் போட்டது.

“ஹெப்சிகிட்ட சொல்லாதீங்க. பயந்துடுவாங்க,” என்று கார் டிரைவரிடம் சொன்னாள். அவள் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்கிறவள் அல்ல.

பாக்கியநாதனை மகளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு யாமினி டீக்கடைக்குத் திரும்பியபோது சந்தாப் பக்கம் மாறியிருந்தது. பணம் கட்டுகிறவர் இனிப் பேசிக் காட்ட வேண்டாம். அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘யாருடைய பேச்சைக் கேட்க விரும்புகிறீர்கள்? பெயர் தெரியாவிட்டால் காலியாக விடலாம்.’ அதன் கீழே சிறிய எழுத்தில்: ‘யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது. சோதனை முடிந்த மறுநாள் முதல் அவர் வரம்பில்லாமல் பேசலாம்.’

முதலில் கட்டியது இசக்கிப்பாண்டி. அடுத்து சொர்ணம். தலைமையாசிரியை தன் பேருந்தை விட்டுவிட்டு நின்று கட்டினார். பாக்கியநாதனுக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேர் கட்டிவிட்டார்கள். ஒரு மனிதனுக்கு ஒரு சந்தாதான் தேவை. மீதி எட்டையும் என்ன செய்வது என்று ஹெப்சிபா கேட்டாள்.

“யாருக்காச்சும் போடுங்க தாயி,” என்றாள் சொர்ணம், வடையைத் திருப்பிப் போட்டபடி. “குடுத்த காச எப்படித் திருப்பி எடுக்கது?”

திருப்பப்பட்ட நாலாயிரம் பேருக்கும் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி போனது. ‘எங்கள் தவறு. இப்போது வாசல் திறந்திருக்கிறது.’

நாற்பதாம் நாள் கூட்டத்தில் நாச்சியப்பன் தீர்மானத்தைக் கையில் வைத்திருந்தார். ஹெப்சிபா எண்களைத் திரையில் போட்டாள். இலவசமாகப் பயன்படுத்தி, சந்தாதாரர்களாக மாறியவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். வேண்டியது முன்னூற்று ஆறு.

“எழுத்துப்படி தோத்துட்டோம் ஆத்தா,” என்றார் நாச்சியப்பன். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். “கீழ இருக்கறது என்ன எண்ணு?”

“கொடுப்பவர்கள். பதினோராயிரத்து முன்னூத்தி எண்பது.”

“அந்த ஒரு மாவட்டத்துலயா?”

“அந்த மாவட்டத்துல எட்டாயிரம். மீதி நாம கேக்காத ஊர்ல இருந்தெல்லாம் வந்தது. துபாய்ல இருந்து, திருப்பூர்ல இருந்து. அம்மா பேசுறதக் கேக்கணும்னு ஒருத்தர், வாத்தியார் பேசுறதக் கேக்கணும்னு ஒருத்தர். யாருக்குன்னு பேரே போடாம மூவாயிரம் பேர்.”

நாச்சியப்பன் யாமினியைப் பார்த்தார். அவள்தான் சோதனையை வகுத்தவள். அவள் சொல்வதுதான் அங்கே நிற்கும். ஹெப்சிபா மேசைக்கடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். மூன்று லட்சம் பேரின் குரல் அந்தப் பெண்ணின் அடுத்த சொல்லில் இருந்தது.

“தீர்மானத்துல இருக்கற கேள்வி, இலவசமாப் பயன்படுத்துறவங்க காசு கட்டுவாங்களாங்கறது,” என்றாள் யாமினி. “மாட்டாங்க. நான் முதல் நாளே சொன்னேன், நான் சொன்னதுதான் சரி. அதை எழுதிக்கங்க.” நாச்சியப்பன் கையிலிருந்த தீர்மானத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். “ஆனா கேள்வியே தப்பு. பேச்சு பேசுறவரோட சொத்துன்னு நெனச்சு அவர்கிட்டயே விலை கேட்டுக்கிட்டு இருந்தோம். கேக்கறவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு. அவங்ககிட்ட நாம கேக்கவே இல்ல. கேக்காமயே வந்தாங்க. வந்தவங்களத் தொரத்திவிட்டோம். அப்படியும் திரும்பி வந்திருக்காங்க. இதைவிட உறுதியான வாடிக்கையாளர இருபது வருஷத்துல நான் பாத்ததில்ல.”

“ஒரு மாசம் உருகிட்டு அடுத்த மாசம் மறந்துட்டா?” என்றார் நாச்சியப்பன்.

“மூணு மாசம் பாப்போம். அதுவரைக்கும் என் நிதியில இருந்து செலவைத் தாங்குறேன். இருநூறு சொல் கட்டுப்பாட்டை இப்பவே எடுத்துடலாம்.”

“இப்பவேன்னா?”

“இப்பவேன்னா இப்பவே ஐயா. காப்பி வர்றதுக்கு முன்னாடி.”

நாச்சியப்பன் கையைத் தூக்கினார். பிறகு, ஒரு கை போதாது என்பதுபோல் இரண்டையும் தூக்கினார். ஹெப்சிபா அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள். காலை பதினொன்று பத்து.

திசையன்விளை பேருந்து நிலையத்தில் பாக்கியநாதனின் பட்டையில் விளக்கு பச்சையாகி, பிறகு அணைந்தே போனது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் விளக்குக்கும் வேலையில்லை. கைப்பேசியில் வந்த ஒரு வரியை அவர் இரண்டு முறை படித்தார். எழுந்து இசக்கிப்பாண்டியின் வண்டி அருகே போனார். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இட்டமொழி, முனைஞ்சிப்பட்டி, மூலைக்கரைப்பட்டி, பாளையங்கோட்டை! ஏறுங்க ஏறுங்க, ஏ பெரிசு, சாக்க உள்ள தள்ளு, பாட்டையாவுக்கு எடம் குடுல, யக்கா அந்தக் கோழிக்கு டிக்கெட்டு உண்டா இல்லியா சொல்லிரு, மூலைக்கரைப்பட்டி, பாளையங்கோட்டை!”

அந்த வண்டி பாளையங்கோட்டைக்குப் போவதே இல்லை. உவரி வரைக்கும்தான் போகும். இசக்கிப்பாண்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கினார். யாரோ கைதட்டினார்கள். கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பாக்கியநாதன் அரைமணி நேரம் கூவினார். ஊர்ப்பெயர்கள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து கூவினார். அத்தனை சொற்களை அப்படி வீணடிப்பதைக் கேட்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று மாதத்தில் கொடுப்பவர்கள் குறையவில்லை, நான்கு மடங்கானார்கள். நாச்சியப்பன் இப்போது நெஞ்சில் கை வைக்காமல் கூட்டத்துக்கு வருகிறார். பணம் இல்லாதவர்கள் காது கொடுக்கலாம் என்று ஹெப்சிபா இன்னொரு வழியும் திறந்தாள். புதிதாக வருகிறவர்களின் குழறலை, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் அனுப்புவார்கள். கேட்பவர் திரும்பத் திரும்பக் கேட்டு, அது என்ன சொல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்துதான் இயந்திரம் அந்த மனிதரின் பேச்சைக் கற்றுக்கொள்ளும். பொறுமைதான் வேண்டும், வேறு தகுதி கிடையாது. கேட்பவரின் பெயரையும் யாரும் கேட்பதில்லை.

பெங்களூரில், அல்சூர் ஏரியைப் பார்த்த ஒரு வீட்டில், யாமினி தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்வாள். வீட்டில் அவள் தனி. அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. ஹெப்சிபாவுக்கும் தெரியாது.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அவளுக்கு ஓர் ஆணின் குரல் வந்தது. குறிப்பில், ‘நான்கு பற்கள் எடுக்கப்பட்டதால் பேச்சு மாறிவிட்டது, பழைய பதிவு பயன்படவில்லை, புதிதாகக் கற்க வேண்டும்’ என்று மட்டும் இருந்தது. முதல் நாள் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காற்றும் எச்சிலும் கலந்த வெறும் ஓசை. இரண்டாம் நாள் ஒரு சொல் தெரிந்தது. அது ‘மெர்சி’.

யாமினி கருவியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் ஏரியைப் பார்த்தாள். பிறகு மாட்டிக்கொண்டாள்.

அந்தப் பதிவை வேறு கேட்பவருக்கு அனுப்பும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அவள் தொடவில்லை. பதினோரு நாள் காலையிலும் அதையே கேட்டாள். பாக்கியநாதன் பெரிதாக ஒன்றும் பேசியிருக்கவில்லை. ரூபி வைத்த மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டதையும், அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் குழம்பே கிடைக்காததையும், மெர்சி நடுவில் தூது போனதையும் சொல்லிக்கொண்டிருந்தார். சில இடங்களில் அவரே சிரித்துவிட்டதால் சொல் உடைந்திருந்தது. அந்த இடங்களை முப்பது முறை, நாற்பது முறை ஓட்டிக் கேட்டு எழுதினாள். ஒரு சொல்லையும் ஊகத்தில் விடவில்லை. கடைசி நாள் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

எழுதியதை அனுப்பினாள். சிறிது நேரத்தில் திரையில், ‘கற்றுக்கொள்ளப்பட்டது. இவர் இனித் தெளிவாகப் பேசலாம்’ என்று வந்தது. அதற்குக் கீழே, ‘விரும்பினால் உங்கள் பெயரைச் சொல்லலாம், அவரிடம் தெரிவிப்போம்.’

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அவள் அடுத்த குரலை எடுத்தாள்.